இடது கையிலிருந்து கேளுங்கள்: அமெரிக்கப் பியானோ இசையில் பரோக்கைக் கண்டுகொள்ள ஒரு வழி

பியானோ கேட்கத் தொடங்கும் யாருக்கும் காது முதலில் போய் நிற்பது மேலே ஓடும் மெட்டில்தான். பெரும்பாலும் அது வலது கையின் வேலை. ஆனால் நவீன அமெரிக்கப் பியானோ இசைக்குள் 300 ஆண்டு பழைய பரோக் எங்கே இருக்கிறது என்று தேடுபவர் மேலேயே நின்றுகொண்டிருந்தால் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகும். அது கீழே, அடிக்குரலில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இது ஒன்றைத்தான்: அடியிலிருந்து கேளுங்கள்.

பரோக் என்பது சுமாராக 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசைக்காலம். விவால்டி, ஹேண்டல், ஸ்கார்லாட்டி, எல்லோருக்கும் மேலாக யோகான் செபாஸ்டியன் பாக். அவர் இறந்த 1750-ஐத்தான் அந்தக் காலத்தின் முடிவாகப் பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். இதன் செல்வாக்கு என்றதும் பலர் ஹார்ப்சிகார்டின் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) கிணுகிணு ஒலியையும் நோட்டைச் சுற்றி வரும் அலங்காரங்களையும் நினைப்பார்கள். அமெரிக்க இசையமைப்பாளர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அவற்றை அல்ல. இசையைக் கட்டும் முறையை. ஒரே அடிக்குரலைத் திரும்பத் திரும்ப வைத்து மேலே கட்டுவது, ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் திருப்பிச் சொல்வது, ஒரு சின்னத் துணுக்கிலிருந்து முழுப் படைப்பையும் வளர்ப்பது. இந்த மூன்றும் காதில் பதிந்துவிட்டால் மீதி தானாக வரும்.

தொடங்குவதற்கு முன்

நோட்டேஷன் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஹெட்ஃபோன் மட்டும் கட்டாயம் வேண்டும். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் அடிக்குரல் பாதி காணாமல் போய்விடும், நாம் தேடுவதோ அதைத்தான். ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். ஒரே துண்டை மூன்று முறை கேளுங்கள்: முதலில் சும்மா, இரண்டாவது முறை கீழ்க்குரலை மட்டும், மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்து. புதிது புதிதாகப் பத்துத் துண்டு கேட்பதைவிட இது பலன் தரும்.

பாக் இசையை இலவசமாகவே கேட்கலாம். கிமிகோ இஷிசாகா என்ற பியானோ கலைஞர் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’, ‘வெல்-டெம்பர்ட் கிளாவியர்’ முதல் தொகுதி இரண்டையும் வாசித்து, யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று உலகுக்கே கொடுத்திருக்கிறார். யூடியூபில் நோட்டுகள் திரையில் ஓடும் வீடியோக்கள் நிறைய உண்டு. படிக்கத் தெரியாவிட்டாலும் புள்ளிகள் ஏறி இறங்குவதைப் பார்த்தாலே எந்தக் குரல் எப்போது நுழைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

முதல் படி: சுற்றி வரும் அடிக்குரல்

பரோக் இசையமைப்பாளர் பாகெல்பெலின் ‘கேனன்’ கல்யாண வீடியோ வரைக்கும் வந்துவிட்டது. எங்கேயாவது நிச்சயம் கேட்டிருப்பீர்கள். மேலே மூன்று வயலின்கள் என்னென்னவோ செய்துகொண்டிருக்கும். கீழே எட்டே நோட்டுகள். சங்கராபரண ஸ்வரங்களாகச் சொன்னால்: ஸ ப த க ம ஸ ம ப. அவ்வளவுதான். அந்த எட்டு நோட்டுகளும் மாறாமல் 28 முறை சுற்றி வருகின்றன. ஒரு முறை வயலினை மறந்துவிட்டு, விரல் விட்டு எண்ணிக்கொண்டு கேளுங்கள். இடையில் எண்ணிக்கை தப்பினால் பரவாயில்லை, அடுத்த ‘ஸ’ வரும்போது பிடித்துக்கொள்ளலாம்.

சரி, அது ஆனதும் ஜார்ஜ் வின்ஸ்டனுக்கு வாருங்கள். மான்டானாவில் வளர்ந்த இந்த அமெரிக்கர் 1982-ல் ‘டிசம்பர்’ என்ற தனிப் பியானோ ஆல்பத்தில் பாகெல்பெலின் இதே கேனனை எடுத்து வேரியேஷன்களாக, அதாவது ஒரே அடிப்படையை விதவிதமாக மாற்றி, வாசித்திருக்கிறார். கடினமானது எதுவும் அதில் இல்லை. அதனால்தான் முதலில் வைக்கிறேன். மூன்று வயலினும் அடிக்குரலும் செய்த வேலை இரண்டு கைகளுக்குள் எப்படி வந்து உட்கார்கிறது என்று கவனியுங்கள். இடது கை மாறாமல் நிற்பதால்தான் வலது கைக்கு அவ்வளவு சுதந்திரம் கிடைக்கிறது.

இதே வேலையைக் கடுமையான முகத்தோடு செய்யும் வடிவத்துக்குப் பாசகாலியா என்று பெயர். பாக்கின் சி மைனர் பாசகாலியா ஆர்கனுக்காக எழுதியது. தொடக்கத்தில் வாசிப்பவர் கைகளைச் சும்மா வைத்துக்கொண்டு, காலால் பெடலை மிதித்து அடிக்குரலை மட்டும் தனியாக ஒலிக்கவிடுவார். எட்டு தாள அளவு (பார்) நீளம். அப்புறம் அதன் மேல் 20 வேரியேஷன்கள் ஏறும். அதைக் கேட்ட கையோடு ஆரன் கோப்லாண்டின் ‘பாசகாலியா’வைப் போடுங்கள். 1922-ல், புரூக்ளினில் பிறந்த ஓர் இளைஞர் பாரிஸில் படித்துக்கொண்டிருந்தபோது எழுதியது. ஆழத்தில், மெதுவாக, மற்ற எதுவும் இல்லாமல் அடிக்குரல் வரும் அந்தத் தொடக்கம் பாக்கின் வீட்டு வாசல்தான். மேலே எழும் ஸ்வரக் கூட்டுகள் மட்டும் 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

கோப்லாண்டின் ஆசிரியை பெயர் நதியா பூலாஞ்சே. இந்தப் பெயரை மறக்காதீர்கள். 1921-ல் பாரிஸுக்கு அருகே ஃபோந்தேன்புளோ என்ற ஊரில் அமெரிக்க மாணவர்களுக்காகவே ஒரு இசைப்பள்ளி தொடங்கியது. முதல் ஆண்டிலேயே போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் கோப்லாண்ட். அவருக்குப் பின்னால் வால்டர் பிஸ்டன், ராய் ஹாரிஸ், எலியட் கார்ட்டர், ஃபிலிப் கிளாஸ் என்று தலைமுறை தலைமுறையாக அமெரிக்கர்கள் பூலாஞ்சேயிடம் போனார்கள். அவர் பாடத்தின் நடுவே பாக் இருந்தார். கவுண்டர்பாயிண்ட், அதாவது பல குரல்களைத் தனித்தனியே உயிரோடு நடத்திச் செல்லும் கலை, அங்கே அன்றாடப் பயிற்சி. ஊர் திரும்பிய பிஸ்டன் ஹார்வர்டில் பாடம் நடத்தி, 1947-ல் கவுண்டர்பாயிண்டுக்கென்றே ஒரு பாடநூலும் எழுதினார். அமெரிக்க இசைக்குள் பரோக் நுழைந்த பெரிய வாசல்களில் ஒன்று இந்த ஒரு பெண்மணியின் வகுப்பறை என்று தயங்காமல் சொல்வேன்.

ஃபிலிப் கிளாஸ் 1960-களின் நடுவில் அவரிடம் படித்தார். கல்லூரியெல்லாம் முடித்து வந்தவரை அரிச்சுவடியிலிருந்து கவுண்டர்பாயிண்ட் போட வைத்தார் பூலாஞ்சே. கிளாஸின் ‘மெட்டமார்ஃபோசிஸ்’ ஐந்து துண்டுகளில் இரண்டாவதைக் கேளுங்கள். பிறகு அவருடைய 20 எட்யூட்களில் (பயிற்சித் துண்டுகளில்) ஏதாவது ஒன்றை. ஒரு கார்டு வரிசை (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) சுற்றிச் சுற்றி வரும், மேலே நடப்பது மெல்ல மாறும். பாக்கின் சி மேஜர் பிரிலூடில் (முன்னுரை போன்ற சின்னத் துண்டு) கார்டுகளை நோட்டு நோட்டாகப் பிரித்து அலையலையாக ஓடவிடும் முறையும் இங்கே கேட்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. திரும்பத் திரும்ப வருவதெல்லாம் பரோக் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாரிஸில் இருந்த அதே காலத்தில்தான் கிளாஸ் ஒரு படத்தின் இசைக்காக ரவிசங்கரோடு வேலை செய்தார். அல்லா ரக்காவின் தபலாக் கணக்கும் அங்கேதான் அவருக்குப் பரிச்சயம் ஆனது. அவருடைய சுழற்சிகளுக்குப் பூலாஞ்சேயும் ஒரு தாய், இந்தியத் தாளமும் ஒரு தாய். ஒன்றை மட்டும் சொல்லி இன்னொன்றை விட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

இரண்டாம் படி: இரண்டு கைகளும் பேசிக்கொள்ளும்போது

நம் கச்சேரிகளில் பாடகர் பாட, வயலின் பின்தொடரும். எவ்வளவு அழகாகத் தொடர்ந்தாலும் இசை ஒற்றை இழைதான். பரோக்கில் பின்னால் வரும் குரல் முதல் குரலின் வரியைச் சொல்லும். ஆனால் முதல் குரல் அதற்குள் வேறு எங்கோ போயிருக்கும். இரண்டுக்கும் சம உரிமை. நம் காது இதற்குப் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும், அவசரப்படாதீர்கள்.

பயிற்சிக்குப் பாக்கின் முதல் இன்வென்ஷன் (இரு குரல் சின்னத் துண்டு), சி மேஜர். வாசிக்க ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. வலது கை ‘ஸரிகம ரிகஸ’ என்று ஓடி ‘ப’-வில் நிற்கும். அது முடிந்ததும் இடது கை ஒரு ஸ்தாயி கீழே அதையே சொல்லும். மொத்தத் துண்டும் அந்த ஏழெட்டு நோட்டுகளிலிருந்தே முளைத்தது. சில இடங்களில் அது தலைகீழாகத் திரும்பி, ஏற வேண்டிய இடத்தில் இறங்கும். அந்த இடங்களைப் பிடிக்க முடிகிறதா பாருங்கள். பியானோ கற்பவர்கள் ஒரு கையை வாசித்துக்கொண்டே இன்னொரு கையின் வரியைப் பாடிப் பழகலாம். கஷ்டம்தான், ஆனால் ஒரு வாரத்தில் காது வேறு காதாகிவிடும்.

இப்போது நீனா சிமோன். அவரைப் பாடகியாக மட்டும் அறிந்தவர்கள் முதல் ஆல்பத்தில் உள்ள ‘லவ் மீ ஆர் லீவ் மீ’ பாட்டைக் கேட்க வேண்டும். 1928-ல் பிராட்வே மேடைக்காக வந்த ஒரு காதல் பாட்டு. சிமோன் பாடுகிறார், ஜாஸ் தாளம் துள்ளுகிறது. பாட்டு நடுவில் நிற்கிறது, பியானோ தனியாக எழுகிறது. அங்கே வலது கை ஒரு வரி சொல்ல, இடது கை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும். சற்று முன் கேட்டீர்களே, அந்த இன்வென்ஷனின் பேச்சு நடை அப்படியே. தாளம் மட்டும் ஜாஸ் தாளமாகவே கீழே நடந்துகொண்டிருக்கும். அந்தத் தனியை நான் குறைந்தது நூறு முறை கேட்டிருப்பேன். இரண்டு உலகங்களை ஒட்டவைத்த தையல் எங்கே என்று இன்னும் தெரியவில்லை. ஒருவருக்குள் இரண்டும் ஒன்றாக வளர்ந்தால் தையலுக்கு அவசியமே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அவர் வட கரோலினாவின் டிரையன் என்ற சிற்றூரில், யூனிஸ் வேமன் என்ற பெயரில் 1933-ல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே அவருடைய பியானோ ஆசிரியை பாக்கை அறிமுகம் செய்தார். மேடையில் பாக் வாசிக்கும் கலைஞராக வேண்டும் என்பதுதான் அவர் கனவு. ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கல்லூரிக்கு விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. தன் நிறம்தான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். அதே கல்லூரி 2003-ல், அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், கௌரவப் பட்டம் கொடுத்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பியானோத் தனியை மறுபடி கேட்டால் அது வெறும் வித்தையாகக் காதில் விழாது.

இதோடு ஜாஸ் பியானோ கலைஞர் பட் பவல் 1957-ல் பதிவு செய்த ‘பட் ஆன் பாக்’ கேட்கலாம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அவர் தொடக்கத்தில் வாசிப்பது தந்தை பாக்குடையது அல்ல, மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக்கின் ‘சொல்ஃபெஜியெட்டோ’. பியானோ வகுப்புப் பிள்ளைகள் விரல் வேகத்துக்காக வாசிக்கும் துண்டு. அந்த ஓட்டம் பீபாப் (வேகமான ஒரு ஜாஸ் பாணி) ஓட்டத்தோடு எவ்வளவு சுலபமாகக் கலந்துவிடுகிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

மூன்றாம் படி: கேனன்

ஒரே வரியை ஒருவர் தொடங்க, இன்னொருவர் சற்றுத் தள்ளித் தொடங்கினால் அது கேனன். விதி அவ்வளவுதான். ஸ்டீவ் ரைக் 1967-ல் இந்த விதியை ஒரு நூலளவு நகர்த்தினார். ‘பியானோ ஃபேஸ்’ இரண்டு பியானோக்களுக்கானது. 12 நோட்டுகள் கொண்ட ஒரு சுற்று, அதில் வேறுபட்ட ஸ்வரங்கள் ஐந்தே. இருவரும் சேர்ந்து தொடங்குவார்கள். பிறகு ஒருவர் மட்டும் மிக மெல்ல வேகம் கூட்டி, ஒரு நோட்டு முன்னால் போய் நிற்பார். அந்த நகர்வின்போது ஒலி மங்கிக் கலங்கும். நின்றதும் யாருமே வாசிக்காத புதிய மெட்டு ஒன்று இருவருக்கும் நடுவில் கேட்கும். அப்புறம் இன்னொரு நோட்டு. இப்படியே முழுச் சுற்றும் வந்து மறுபடி ஒன்றாகச் சேர்வார்கள். முதல் தடவை பொறுமை சோதிக்கும். பத்து நிமிடம் தாண்டிவிட்டால் விட மனம் வராது.

கான்லன் நான்காரோ இன்னும் ஒரு எல்லை தாண்டியவர். ஆர்கன்சாவின் டெக்சர்கானாவில் பிறந்து, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போராடி, 1940-ல் மெக்சிகோ சிட்டிக்குக் குடிபோனவர். மனித விரல்களால் முடியாததைத் தானியங்கிப் பியானோவுக்காகக் காகிதச் சுருளில் துளை துளையாகக் குத்தி எழுதினார். அவருடைய 36-ஆம் எண் ஸ்டடி நான்கு குரல் கேனன்; குரல்களின் வேகங்கள் 17:18:19:20 என்ற விகிதத்தில் ஓடுகின்றன. மெதுவானது முதலில் கிளம்பும், வேகமானது கடைசியில் கிளம்பித் துரத்திப் பிடிக்கும். நான்கும் ஒரு கணம் சேர்ந்து, பிறகு பிரியும்.

நான்காம் படி: ஃபியூக்

புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். தேவையில்லை. ஒரு குரல் தனியாக ஒரு வரி சொல்லும். அதற்குக் கருப்பொருள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டாவது குரல் அதையே வேறு ஸ்தானத்தில் சொல்லும்போது முதல் குரல் எதிர்வரி பாடும். மூன்றாவது வரும், சிலவற்றில் நான்காவதும். எல்லாம் வந்து சேர்ந்தபின் கருப்பொருள் அங்கங்கே தலைகாட்டும். கேட்பவர் வேலை, அது எங்கே வருகிறது என்று பிடிப்பது.

‘வெல்-டெம்பர்ட் கிளாவியர்’ முதல் தொகுதியின் (1722) இரண்டாவது ஃபியூக், சி மைனர், மூன்று குரல். கருப்பொருளின் முகம் ‘ஸநிஸ’ என்ற சின்ன வெட்டு. கருப்பொருளுக்குள்ளேயே அது மூன்று முறை வரும். முதலில் நடுக்குரல், அடுத்து மேல்குரல், கடைசியில் கீழ்க்குரல் நுழையும். மொத்தம் எட்டு முறை கருப்பொருள் முழுசாக வருகிறது. பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு, வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். முதல் முறை நாலைந்து கோடுதான் விழும். கீழ்க்குரலில் வருவதைத்தான் எல்லோரும் தவறவிடுவார்கள். எட்டுக் கோடு விழும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

எட்டும் விழுந்தாயிற்றா? சாமுவேல் பார்பரின் பியானோ சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு), கடைசிப் பகுதி. கட்டுரையின் மற்ற எல்லாத் துண்டுகளையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்பேன் என்று நீங்கள் சொன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

பார்பர் பென்சில்வேனியாக்காரர், நீனா சிமோனுக்கு இடம் தராத அந்தக் கர்ட்டிஸ் கல்லூரியில் 14 வயதிலேயே சேர்ந்து படித்தவர். இசையமைப்பாளர்கள் சங்கம் ஒன்றின் 25-ஆம் ஆண்டுக்காக இந்தச் சொனாட்டாவை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தவர்கள் இர்விங் பெர்லினும் ரிச்சர்ட் ராட்ஜர்ஸும். இருவரும் மேடைப்பாட்டு உலகின் பெரிய பெயர்கள். 1949 டிசம்பரில் ஹவானாவில் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் முதலில் வாசித்தார். மூன்று பகுதிகளோடு நிறுத்த நினைத்த பார்பரை, கடைசியில் பளிச்சென்று ஒன்று வேண்டும் என்று தூண்டியவரும் அவர்தான். பார்பர் எழுதிக்கொடுத்தது நான்கு குரல் ஃபியூக்.

கருப்பொருளைக் கேளுங்கள். பாக்கின் கருப்பொருள் தாளத்தின் மேல் சரியாகக் கால் வைத்து நடக்கும். பார்பருடையது தாளத்தை இடறிவிட்டுப் பாயும், அழுத்தம் எதிர்பாராத இடத்தில் விழும். அந்த இடறல் ஜாஸிலிருந்து வந்தது. ஆனால் அது நுழையும் ஒழுங்கு, குரல் மேல் குரலாக அடுக்கும் விதம், எல்லாம் பழைய சட்டம். நடுவில் ஒரு கட்டத்தில் இறுக்கம் தளர்ந்து, ஊர் நடனம்போல் லேசாகத் துள்ளும். அங்கேயும் கருப்பொருள் முகம் மாற்றிக்கொண்டு உள்ளே இருக்கிறது. சில இடங்களில் அதன் நோட்டுகள் இரட்டிப்பு நீளமாக நீட்டப்பட்டு வரும். வேகமான கூட்டத்தின் நடுவே ஒருவர் நிதானமாக நடந்து போவதுபோல் இருக்கும்.

நான் இதை முதன்முதலில் கேட்ட வாரத்தில் இரவு இரவாக ஹெட்ஃபோனோடு உட்கார்ந்தேன். மூன்றாவது குரல் நுழைந்ததும் எல்லாம் குழம்பி ஒரே இரைச்சலாகிவிடும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மேலே நடப்பதை விட்டுவிட்டு இடது கையை மட்டும் பிடித்துக்கொண்டு போனபோது, கீழே அதே கருப்பொருள் பெரிய உருவமாக நடந்து வருவது கேட்டது. முதுகுத்தண்டில் சில்லென்றது. அன்றிலிருந்துதான் எந்தத் துண்டையும் அடியிலிருந்து கேட்கும் பழக்கம் வந்தது.

பிடித்திருந்தால் எலியட் கார்ட்டரின் பியானோ சொனாட்டா (1945–46) இருக்கிறது. இரண்டாம் பகுதிக்குள் ஒரு ஃபியூக் உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்து யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பால் ஹிண்டெமித் 1942-ல் எழுதிய ‘லூடுஸ் டோனாலிஸ்’ 12 ஃபியூக்குகள் கொண்டது. அதன் கடைசித் துண்டு, முதல் துண்டைத் தலைகீழாகவும் பின்னிருந்து முன்னாகவும் திருப்பிப் போட்டது. அறிவுக்கு விருந்து. மனதுக்கு நான் பார்பரிடமே திரும்பிப் போவேன்.

ஐந்தாம் படி: நான்கு எழுத்து

இது சின்ன இடைவேளை. ஃபோனில் ஏதாவது பியானோ ஆப் திறந்துகொள்ளுங்கள். ஜெர்மன் முறையில் பி என்றால் பி-ஃபிளாட், எச் என்றால் சாதாரண பி. அதனால் பி, ஏ, சி, எச் என்று பாக்கின் பெயரையே வாசிக்கலாம். ‘சி’ கட்டையை ஸட்ஜமாக வைத்தால்: கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், மேல் ஸட்ஜம், காகலி நிஷாதம். நெருக்கமாக, கொஞ்சம் வலியோடு ஒலிக்கும் நான்கு நோட்டுகள். பாக்கே தன் கடைசிக் காலத்து ஃபியூக் ஒன்றில் இதைப் பதித்திருக்கிறார்.

சார்ல்ஸ் ஐவ்ஸ் 1905-ல் ‘த்ரீ-பேஜ் சொனாட்டா’வில் இந்த நான்கு நோட்டுகளை வைத்தார். நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்த ஏமி பீச்சுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு. ஏ. பீச் என்று அவர் பெயரை எழுதினால் ஏ, பி, இ, ஏ, சி, எச் ஆறு எழுத்தும் ஸ்வரங்கள். ‘பிரிலூட் அண்ட் ஃபியூக்’, ஓபஸ் 81-ல் அதையே கருப்பொருளாக்கினார். பாக் பெயருக்குள் ஒரு ‘இ’-யும் இன்னொரு ‘ஏ’-யும் நுழைந்தால் அவர் பெயர் வந்துவிடுகிறது. அந்த ஆறையும் ஆப்பில் தட்டிவிட்டு, பிறகு துண்டைக் கேளுங்கள். முதல் நிமிடத்திலேயே அடையாளம் தெரியும்.

ஆறாம் படி: ஒரு மணி நேரப் பயணம்

பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ 1741-ல் அச்சானது. ஒரு ஆரியா (பாட்டு போன்ற துண்டு), அதன் மேல் 30 வேரியேஷன்கள், முடிவில் மீண்டும் அதே ஆரியா. ஆரியாவின் இனிமையான மேல் மெட்டு நடுவில் எங்கும் திரும்ப வருவதில்லை. வலது கையை மட்டும் கேட்பவருக்கு இவையெல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத துண்டுகளாகத்தான் தெரியும். முப்பதையும் தாங்குவது ஆரியாவின் அடிக்குரல். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கேனன்களும் உண்டு. கனடாக்காரரான கிளென் கூல்ட் 1955-ல் நியூயார்க்கில் செய்த பதிவுதான் இதை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனது.

அதை ஒரு முறையாவது முழுசாகக் கேட்ட பிறகு, ஒரு விடுமுறை நாளில், ஃபிரெடெரிக் ஷெவ்ஸ்கியின் ‘தி பீப்பிள் யுனைட்டட் வில் நெவர் பி டிஃபீட்டட்’. சுமார் ஒரு மணி நேரம். 1973-ல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த நாட்டு மக்கள் இயக்கத்தின் பாட்டு ஒன்றை எடுத்து 1975-ல் ஷெவ்ஸ்கி 36 வேரியேஷன்கள் எழுதினார். ஆறு ஆறாக ஆறு கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் ஆறாவது, முந்தைய ஐந்தையும் நினைவுபடுத்தும். ஆறாவது கட்டு, முந்தைய கட்டுகள் எல்லாவற்றையும். வாசிப்பவர் சீட்டியடிக்கும் இடம் உண்டு, பியானோ மூடியை அறையும் இடம் உண்டு. ஜாஸ் வரும், கரடுமுரடான நவீன இசை வரும். முடிவில், கோல்ட்பெர்க்கைப் போலவே, தொடக்கப் பாட்டு திரும்பி வரும். தொடக்கத்தில் அது ஊர்வலப் பாட்டு. அத்தனையையும் கடந்து வந்து கேட்கும்போது அதே பாட்டின் எடை வேறு. பழைய கட்டுமானம் ஒரு நாட்டின் துயரத்தைச் சுமக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் இது.

கடைசிப் படி: ஜாஸ் வழியாக இன்றைக்கு

பரோக் காலத்தில் மற்றவர்களுக்குத் துணையாக ஹார்ப்சிகார்ட் வாசித்தவருக்கு முழு நோட்டும் எழுதித் தரமாட்டார்கள். அடிக்குரலும் அதன் மேல் 6, 7 என்று சில எண்களும் இருக்கும். எந்தக் கார்டு என்று எண் சொல்லும். எப்படி வாசிப்பது என்பது அவர் பாடு. ஜாஸ் பியானோக்காரர் கையில் இருக்கும் தாளைப் பாருங்கள்: ஒரு மெட்டு, மேலே கார்டு பெயர்கள், மீதி அவர் கற்பனை. ஒன்றிலிருந்து ஒன்று நேராக வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வேலை ஒரே வேலை. பாக்கை ஜாஸ் கலைஞர்கள் தங்கள் ஆளாக நினைப்பதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ‘மாடர்ன் ஜாஸ் குவார்டெட்’டின் ஜான் லூயிஸ் 1952-ல் ‘வான்டோம்’, அப்புறம் ‘கான்கார்ட்’ என்று ஜாஸுக்குள்ளேயே ஃபியூக் எழுதினார்.

ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டிடம் பரோக், ஜாஸ் இரண்டு வழிகளும் சந்திக்கின்றன. 1985-ல் லூ ஹாரிசன் அவருக்காக ஒரு பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்த படைப்பு) எழுதினார். அதற்குப் பியானோவை இன்றைய சம ஸ்ருதியில் வைக்கக் கூடாது. பாக்கின் மாணவர் கிர்ன்பெர்கர் வகுத்த பழைய ஸ்ருதி முறையில் கூட்ட வேண்டும். சில கார்டுகள் தேன்போல் ஒட்டும், சில லேசாக உறுத்தும். ஸ்ருதிக்குப் பழகிய காது இதை உடனே உணரும். இரண்டு ஆண்டு கழித்து ஜாரெட் ‘வெல்-டெம்பர்ட் கிளாவியர்’ முதல் தொகுதியைப் பதிவு செய்தார், சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காமல், எழுதியபடியே.

பிராட் மெல்டாவ் 2018-ல் ‘ஆஃப்டர் பாக்’ ஆல்பத்தில் வேறு வழி பிடித்தார். முதலில் பாக்கின் துண்டு ஒன்று, உடனே அதிலிருந்து கிளைத்த தன் துண்டு ஒன்று. சி-ஷார்ப் மேஜர் பிரிலூடையும் அதை அடுத்து வரும் ‘ரோண்டோ’வையும் ஜோடியாகக் கேளுங்கள். முதலாவதில் சீராக ஓடிய விரல்கள் இரண்டாவதில் கோணலான தாளத்தில் ஓடுகின்றன, வேர் ஒன்றுதான்.

டான் டெப்ஃபரின் ‘இன்வென்ஷன்ஸ்/ரீஇன்வென்ஷன்ஸ்’ 2023-ல் வந்தது. பாக் எழுதிய இரு குரல் இன்வென்ஷன்கள் 15. 12 ஸ்வரங்களிலும் மேஜர், மைனர் என்று ஸ்தானங்கள் (கீ) மொத்தம் 24. ஆக ஒன்பது ஸ்தானங்களைப் பாக் தொடவில்லை. டெப்ஃபர் பதினைந்தையும் வாசித்து, விட்டுப்போன ஒன்பதிலும் அந்தந்தக் கணத்தில் தோன்றியதைத் தானே உருவாக்கி வாசிக்கிறார். இரண்டாம் படியில் கேட்ட ‘ஸரிகம ரிகஸ’ இதில் முதல் துண்டு. ஆல்பத்தின் பட்டியலைப் பார்க்காமல் போட்டுவிட்டு, எது பாக், எது டெப்ஃபர் என்று இடது கையை வைத்துச் சொல்ல முடிகிறதா பாருங்கள்.